பியானோ இசையை ஜெனரேட்டிவ் ஆக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

ஒரு பழைய பியானோ இசையின் மிடி கோப்பு, அதாவது ஒலி இல்லாமல் எந்த நோட்டை எப்போது வாசிப்பது என்ற செய்திகள் மட்டும் உள்ள கோப்பு, கையில் இருக்கிறது. அதை அப்படியே வாசிக்கவிடாமல், சில விதிகளையும் கொஞ்சம் ரேண்டமையும் சேர்த்து, ஓடவிடும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வரும்படி செய்ய வேண்டும். பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர், சோனிக் பை, ஏபிள்டன் லைவ், விசிவி ராக் என்று எந்த இசை மென்பொருளில் செய்தாலும் கெடுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் மென்பொருள் வாரியாகப் பிரிக்காமல் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுக்கு வந்திருப்பது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

உதாரணத்துக்கு இரண்டு இசைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று எரிக் சாட்டியின் முதல் ஜிம்னோபெடி, 1888. இன்னொன்று பாக் எழுதிய சி மேஜர் பிரிலூட், 1722-ஆம் ஆண்டுத் தொகுப்பான வெல்-டெம்பர்டு கிளேவியரின் முதல் துண்டு. அது பியானோவுக்கென்று எழுதியதல்ல என்று சண்டைக்கு வர வேண்டாம், இன்று எல்லோரும் வாசிப்பது பியானோவில்தான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ரிவெர்ப், டிலே போன்ற எதிரொலி விளைவுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெறும் பியானோ ஒலியில் கேளுங்கள். இப்போது சரியாக இருந்தால் சிக்கல் ஒலியில். இன்னும் மோசமாகவே இருந்தால் உங்கள் விதிகளையும் அணைத்துவிட்டு, அசல் மிடி கோப்பை மட்டும் அதே பாதை வழியாக ஓடவிடுங்கள். அதுவும் கோணலாக வந்தால் சிக்கல் கோப்பில், நன்றாக வந்தால் விதியில். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் விதியில் இருக்கும் தப்பை ரிவெர்ப் போட்டு மூடி மறைப்பவர்கள்தான் அதிகம், மறைந்துவிட்டதாகத் தோன்றினாலும் அது பத்து நிமிடம் கேட்டால் வெளியே வந்துவிடும்.

"அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்த இசையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை"

சுருதி, தாளம், வரிசை, நீளம் நான்கையும் ஒரே சமயத்தில் ரேண்டமிடம் கொடுத்தால் இப்படித்தான் வரும். எதை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எதைத் தொட்டால் இந்த இசை இந்த இசையாக இருக்காது என்று தேடுங்கள். அது ஒவ்வொரு இசைக்கும் ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கும்.

பாக் பிரிலூடில் தனியாக ஒரு மெலடியே கிடையாது. ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ஐந்து வெவ்வேறு நோட், அவற்றில் சில திரும்ப வந்து எட்டு நோட் கொண்ட ஓர் அலையாக ஏறுகின்றன, அதே அலை அந்தப் பாருக்குள் இன்னொரு முறை. பிற்காலத்தில் கூனோ என்ற இசையமைப்பாளர் இதன் மேல் ஒரு புது மெலடியை வைத்துப் பாட வைக்க முடிந்ததே அந்த இடம் காலியாக இருந்ததால்தான். ஆகவே இங்கே அடையாளம் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுத் தொகுதி) வரிசையில் இருக்கிறது. வரிசையைத் தொடாதீர்கள். அலையின் உள்ளமைப்பை எப்படி வேண்டுமானாலும் குலைக்கலாம்: ஐந்து நோட்டையும் யூக்ளிடியன் ரிதமில், அதாவது முடிந்தவரை சம இடைவெளியில், பரப்பலாம், ஒரு பாரை நான்கு மடங்கு நீட்டலாம், ஏறுவதை இறங்குவதாக மாற்றலாம். இவ்வளவு செய்தும் கேட்பவருக்கு பாக் என்று தெரியும்.

சாட்டியில் நிலைமை தலைகீழ். முதல் பீட்டில் அடியில் ஒரு பாஸ் நோட், இரண்டாவது பீட்டில் நடுவில் ஒரு கார்ட், மூன்றாவதில் ஒன்றும் புதிதாக இல்லை. இந்த ஊசலும் அந்த மெதுவான மூன்று பீட் நடையும்தான் அடையாளம். அதை வைத்துக்கொண்டு ஐந்தாவது பாரில் தொடங்கும் மெலடியைத் துண்டு போட்டு, முன்பின்னாக மாற்றி, சில சமயம் வராமலே விட்டால்கூடப் போதும். ஒற்றை ஒற்றை நோட்டாகக் கழிக்காமல் முழுத் துண்டாகக் கழியுங்கள். மெலடித் துண்டு வருவதற்கு அறுபது, எழுபது சதவீத நிகழ்தகவு என்று தொடங்கிப் பாருங்கள், பாஸுக்கு நூறு. ஏன் நூறு என்பது அடுத்த அறிகுறியில்.

"சாட்டி இடையிடையே மைனராக மாறிவிடுகிறது, நான் எந்த நோட்டையும் மாற்றவில்லையே"

மாற்றவில்லை, பாஸைக் கழித்துவிட்டீர்கள். முதல் பாரின் நடுக் கார்டில் இருப்பது பி, டி, எஃப் ஷார்ப். அது தனியாக ஒலித்தால் பி மைனர். அடியில் ஜி இருப்பதால்தான் அது ஜி மேஜர் ஏழு என்ற கார்டாக ஒலிக்கிறது. இரண்டாவது பாரிலும் இதே கதை: ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப் மூன்றும் எஃப் ஷார்ப் மைனரின் நோட்டுகள், அடியில் டி வந்ததும் டி மேஜர் ஏழு. பாஸுக்கு எண்பது சதவீதம் என்று நிகழ்தகவு வைத்தால், சராசரியாக ஐந்து பாருக்கு ஒரு பார் வேறு இசைக்குள் போய் வருகிறது. பாஸை எப்போதும் விடுங்கள், அல்லது பாஸ் விழாத பாரில் கார்டும் விழாதபடி இரண்டையும் ஒரே முடிவோடு கட்டிவிடுங்கள். பாஸை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே தள்ளுவதில் சிக்கலில்லை. மேலே தள்ளி நடுக் கார்டைத் தாண்டவிட்டால் மறுபடியும் அதே கோளாறு.

இதையே வேண்டுமென்று செய்தால் அருமையான கருவி என்பது வேறு விஷயம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாஸ் மட்டும் நான்கு பாருக்கு விலகட்டும், கேளுங்கள்.

"எவ்வளவு ஓடவிட்டாலும் அசலையே திரும்ப வாசிக்கிறது"

மார்க்கோவ் சங்கிலி, அதாவது முந்தைய நோட்டுகளைப் பார்த்து அடுத்ததை நிகழ்தகவில் தேர்ந்தெடுக்கும் முறை, பயன்படுத்துகிறவர்களுக்கு வருவது. சங்கிலிக்குப் பயிற்சி கொடுக்க உங்களிடம் இருப்பது ஒரே ஒரு இசை. பாக் பிரிலூடின் முதல் 32 பார்களில் பாருக்கு 16 வீதம் 512 நோட்டுகள், அதிலும் ஒவ்வோர் அலையும் இரண்டு முறை வருவதால் உண்மையான தகவல் 256 நோட்டுக்குத்தான். முந்தைய நான்கைந்து நோட்டுகளைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யச் சொன்னால், அந்த நான்கைந்து நோட்டு வரிசை பெரும்பாலும் ஒரே பாரில் மட்டும்தான் இருக்கிறது, அதற்கு அடுத்தது என்ன என்பதற்கும் ஒரே பதில்தான். சங்கிலிக்குத் தேர்வு செய்யவே எதுவும் இல்லை.

சரி, ஒரே ஒரு முந்தைய நோட்டை மட்டும் பார்க்கச் சொன்னால்? அப்போது போதையில் நடப்பது போல அலையும், கார்ட் என்பதே உருவாகாது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், நோட் அளவில் அப்படி ஒன்று கிடைப்பது கடினம். அளவை மாற்றுங்கள். பாருக்கு ஒரு கார்ட் என்று 35 கார்டுகளாகச் சுருக்கி, அந்தக் கார்டுகளின் மேல் சங்கிலி கட்டுங்கள். அலையை வாசிக்கும் வேலையைத் தனி விதியிடம் விடுங்கள். முதல் பாரும் நான்காவது பாரும் ஒரே கார்ட் என்பதால் அங்கே இயல்பாகவே ஒரு கிளை பிரிகிறது, ஒன்று இரண்டாம் பாருக்குப் போகும், இன்னொன்று ஐந்தாம் பாருக்கு. இதுபோன்ற கிளைகள் போதாமல் இருந்தால் ஆக்டேவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள், ஒன்றுபோலிருக்கும் கார்டுகள் கூடும், சங்கிலிக்கு வழிகளும் கூடும்.

இதே கோளாறின் தம்பி ஒன்று உண்டு: ஒரே பாரில் மாட்டிக்கொண்டு சுற்றுவது. காரணம் அந்த இரட்டை அலைதான். அலையின் கடைசி நோட்டில் நிற்கும் சங்கிலிக்கு, தான் பார்த்தது முதல் அலையா இரண்டாவது அலையா என்று தெரியாது. பாதி வாய்ப்பு மறுபடியும் அதே அலை, பாதி வாய்ப்பு அடுத்த பார். நாணயம் சுண்டுவதால் சில சமயம் ஐந்தாறு முறை தொடர்ந்து அதே பார் வரும். பயிற்சி கொடுப்பதற்கு முன் இரண்டாவது அலையை வெட்டி எறியுங்கள், தீர்ந்தது.

"பாதி வரை சரி, பிறகு விதிகள் எல்லாம் ஒரு பார் தள்ளி விழுகின்றன"

உங்கள் பாக் கோப்பில் எத்தனை பார் என்று எண்ணுங்கள். 36 வந்தால், 22-க்கும் 23-க்கும் நடுவில் பிற்காலத்தில் ஷ்வென்கே என்பவர் சேர்த்த ஒரு பார் அதில் இருக்கிறது. கூனோ பயன்படுத்தியதும் அந்த வடிவம்தான், அதனால் அது இன்றும் பல பதிப்புகளிலும் மிடி கோப்புகளிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாக் எழுதியது 35 பார். நீக்கிவிட்டு மீண்டும் எண்ணுங்கள்.

பார் எண்ணிக்கை சரியாக இருந்தும் வெட்டும்போது நோட்டுகள் பக்கத்து பாருக்குள் விழுகின்றன என்றால், அந்தக் கோப்பு யாரோ கீபோர்டில் நேரடியாக வாசித்துப் பதிந்தது. மனிதர் பார் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே பாஸை அழுத்தியிருப்பார், மென்பொருள் அதை முந்தைய பாரின் கடைசி நோட்டாக எடுத்துக்கொள்கிறது. வெட்டும் சன்னலைப் பதினாறாம் நோட்டில் பாதி அளவு முன்னால் நகர்த்தினால் பெரும்பாலும் போதும். குவாண்டைஸ் செய்வது, அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்தில் அச்சாக உட்கார வைப்பது, கடைசி வழி, ஏனென்றால் அந்த வாசிப்பின் உயிர் அதோடு போய்விடும்.

"தப்பான நோட்டே இல்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது"

ஸ்கேல் (சுர வரிசை) வடிகட்டி போட்டிருப்பீர்கள், எல்லாவற்றையும் சி மேஜருக்குள் தள்ளும்படி. பாக்கில் ஆறாவது பாரிலேயே எஃப் ஷார்ப் வருகிறது, 12-ஆவது பாரில் பி ஃபிளாட்டும் சி ஷார்ப்பும். அந்த இசையின் இழுப்பு முழுவதும் இப்படி வெளியிலிருந்து வரும் நோட்டுகளில்தான். வடிகட்டி அவற்றையெல்லாம் வழித்துவிடுகிறது. சாட்டியிலும் முடிவுப் பகுதியில் எஃப் ஷார்ப் இருந்த இடத்தில் வெறும் எஃப் வந்து, மேஜர் எதிர்பார்த்த காதுக்கு டி மைனர் கிடைக்கிறது. டி மேஜர் வடிகட்டி போட்டால் அந்த முடிவே இல்லை.

முழு இசைக்கும் ஒரே ஸ்கேல் என்பதைக் கைவிட்டு, பாருக்கு ஒரு நோட் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அசலில் அந்தப் பாரில் ஒலிக்கும் நோட்டுகள் மட்டும் அதில் இருக்கும், ரேண்டம் அதற்குள்ளிருந்து எடுக்கும். எழுதுவதற்குச் சலிப்பான வேலைதான், மிடி கோப்பிலிருந்தே ஒரு சிறு நிரலால் எடுத்துவிடலாம்.

"குழம்பிப்போய் சேறு மாதிரி ஒலிக்கிறது"

இதற்கு மூன்று காரணங்கள், மூன்றுமே ஒன்றாகவும் இருக்கலாம்.

ரிவெர்ப்பின் வால் அடுத்த கார்டுக்குள் நீள்கிறது என்பது முதலாவது. எட்டு நொடி வால் உள்ள ரிவெர்ப்பும் நான்கு நொடிக்கு ஒரு கார்ட் மாற்றமும் சேர்ந்தால் எப்போதும் இரண்டு கார்ட் ஒன்றாக ஒலிக்கும். சாட்டியின் தொடக்கம் இதைத் தாங்கும், அங்கே இரண்டே கார்டுகள், டியும் எஃப் ஷார்ப்பும் இரண்டுக்கும் பொது. பாக்கில் தாங்காது. ஆனால் 24-ஆவது பாரிலிருந்து 31 வரை அடியில் ஜி மட்டும் சுருதிப் பெட்டி போல நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே வாலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். ஆகவே ரிவெர்ப் நீளத்தையும் பார் எண்ணோடு இணைத்துவிடுங்கள், கார்ட் வேகமாக மாறும் இடத்தில் குறையட்டும். ரிவெர்ப்புக்குள் போகும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவதும் உடனடியாகத் தெரியும் நிவாரணம்.

இரண்டாவது பெடல். மிடியில் சஸ்டைன் பெடல் என்பது கன்ட்ரோலர் எண் 64, நோட்டுகளோடு ஒட்டாத தனிச் செய்தி. பாரை வெட்டி எடுக்கும்போது பெடலை அழுத்திய செய்தி ஒரு துண்டிலும், விட்ட செய்தி இன்னொரு துண்டிலும் போய்விடும். விட்ட செய்தி உள்ள துண்டு இன்னும் வாசிக்கப்படவில்லை என்றால் அதுவரை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். வெட்டுவதற்கு முன்பே பெடலை நோட் நீளங்களாக மாற்றுங்கள்: பெடல் மதிப்பு 64 அல்லது அதற்கு மேல் இருக்கும்வரை நோட்டை நீட்டி, கீழே வந்ததும் முடித்துவிட்டு, பெடல் செய்திகளை அழித்துவிட வேண்டும். பெடல் செய்தியே இல்லாமல் வெட்டியவர்களுக்கு எதிர்ச் சிக்கல் வரும், எல்லாம் குட்டைக் குட்டையாக அறுந்து ஒலிக்கும். மருந்து அதேதான்.

மூன்றாவது, ரேண்டமாக ஆக்டேவ் மாற்றும் விதி. நெருக்கமான இரண்டு நோட்டுகள் கீழ் ஆக்டேவில் விழுந்தால் எந்த மிக்ஸிங்கும் காப்பாற்றாது. நடு சி நோட்டுக்குக் கீழே ஓர் ஆக்டேவ் தாண்டிய இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு நோட்டுக்கு மேல் அனுமதிக்காதீர்கள். நடு சி என்பதை எண்ணால், அதாவது 60 என்று, குறித்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் அதை சி 3 என்கின்றன, சில சி 4 என்கின்றன, பெயரை நம்பி விதி எழுதினால் எல்லாம் ஓர் ஆக்டேவ் தள்ளிப்போகும்.

"ஒரு நோட் மாட்டிக்கொண்டு ஒலித்துக்கொண்டே இருக்கிறது"

62-ஆம் எண் நோட் தொடங்கிய பிறகு உங்கள் டிரான்ஸ்போஸ் (சுருதி நகர்வு) ஐந்து கூடிவிட்டது. நிறுத்தச் சொல்லும் செய்தி 67-க்குப் போகிறது. 62-ஐ நிறுத்த யாருமில்லை. பியூர் டேட்டாவிலும் மேக்ஸிலும் மேக்நோட் என்ற ஆப்ஜெக்டை, சுருதி மாற்றமெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வையுங்கள், தொடங்கிய நோட்டின் எண்ணை நினைவில் வைத்து நிறுத்தும் செய்தியை அதுவே அனுப்பும். அவசரத்துக்கு கன்ட்ரோலர் 123, எல்லா நோட்டையும் நிறுத்தச் சொல்வது.

நேர்மாறாக நோட் பாதியில் அறுந்துபோனால், இரண்டு அடுக்குகள் ஒரே சேனலில் ஒரே நோட்டை வாசிக்கின்றன. ஒன்றின் நிறுத்தம் இன்னொன்றையும் கொல்கிறது. அடுக்குக்கு ஒரு சேனல் கொடுங்கள், 16 இருக்கின்றன.

"ரேண்டம் என்று பெயர்தான், ஒவ்வொரு முறையும் அதே வருகிறது"

சோனிக் பையில் இது கோளாறே இல்லை, வடிவமைப்பே அப்படி. தொடக்க எண்ணை, அதாவது சீடை, நீங்கள் மாற்றாதவரை ஒவ்வோர் ஓட்டத்திலும் ரேண்டம் எண்கள் அதே வரிசையில் வரும். ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டுமென்றால் நேரத்தையோ வேறு எதையோ சீடாகக் கொடுங்கள். ஆனால் இந்தக் குணத்தைச் சபிக்காதீர்கள், அற்புதமாக வந்த ஓர் ஓட்டத்தைத் திரும்பப் பெற இதைவிட நல்ல வழி கிடையாது. மற்ற மென்பொருள்களிலும் சீடை நீங்களே கொடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ரேண்டமே இல்லாமல் லூப் நீளங்களை மட்டும் வைத்துச் செய்பவர்களுக்கு வேறு காரணம். பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையங்களுக்கான இசையில் செய்தது போல, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நீளமுள்ள லூப்கள் வேண்டும். 4, 6, 8 பார் என்று வைத்தால் 24 பாரில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். 7, 11, 13 வையுங்கள், 1001 பார் ஆகும். சாட்டியின் மூன்று பீட் பாருக்கு, நிமிடத்துக்கு 60 பீட் வேகத்தில், அது 50 நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

ஒற்றைப்படை நீளம் வைத்ததும் புதிதாக ஓர் உறுத்தல் கேட்கும். அடியில் ஜி, டி என்று இரண்டு பார் ஊசல் ஆடிக்கொண்டிருக்கும்போது மேலே ஏழு பார் லூப் வந்தால், மெலடித் துண்டு ஒரு முறை ஜி மேல் தொடங்கும், அடுத்த முறை டி மேல். பெரும்பாலான நோட்டுகள் இரண்டின் மேலும் நன்றாகவே உட்காரும். டி கார்டின் மேல் நீளமாக நிற்கும் ஜி மட்டும் உறுத்தும், கார்டில் இருக்கும் எஃப் ஷார்ப்போடு அரை சுரம் உரசுவதால். அசலிலேயே ஆறாவது பாரில் டி மேல் ஜி விழுகிறது, ஆனால் ஒரே பீட்டில் எஃப் ஷார்ப்புக்கு இறங்கிவிடுகிறது, அதுவும் நடுக் கார்ட் இன்னும் விழாத முதல் பீட்டில். அதையே விதியாக்குங்கள்: டி பாரில் ஜி வந்தால் ஒரு பீட்டுக்கு மேல் நிற்கக் கூடாது, அடுத்தது எஃப் ஷார்ப்.

"இயந்திரம் மாதிரி இருக்கிறது" / "குடித்துவிட்டு வாசிப்பது மாதிரி இருக்கிறது"

முதலாவதுக்கு வெலாசிட்டி, அதாவது நோட்டை அழுத்தும் வேகம், மாறவில்லை. இரண்டாவதுக்கு வெலாசிட்டியையும் நேரத்தையும் நோட்டுக்கு நோட் தொடர்பே இல்லாமல் மாற்றுகிறீர்கள். முந்தைய மதிப்பிலிருந்து மூன்று நான்கு மட்டும் கூடிக் குறையும்படி நடக்கவிடுங்கள், சூப்பர்கொலைடரில் பிபிரவுன் இதற்குத்தான். டெம்போவின் அசைவு எல்லா அடுக்குக்கும் பொதுவாக இருக்கட்டும்.

"படபடவென்று வெடிக்கிறது" / "போகப் போகச் சத்தம் கூடுகிறது"

படபடப்பு ஆடியோ பஃபர், அதாவது கணினி ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் இடம், போதாததால். நீங்கள் விரலால் எதையும் வாசிக்கவில்லையே, தாமதத்துக்கு ஏன் பயப்பட வேண்டும், 1024 சாம்பிள் வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் அது 23 மில்லிநொடிதான்.

சத்தம் கூடுவது, ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கலாம் என்று வரம்பு வைக்காததால். தொடர்பில்லாத ஒலிகள் இரு மடங்கானால் ஏறக்குறைய 3 டெசிபல் ஏறும், ஒரே ஒலி அச்சாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 6. முதலில் குரல் வரம்பு, அதற்குப் பிறகுதான் சத்தத்தை ஓர் அளவுக்கு மேல் விடாத லிமிட்டர்.

"மூன்று நிமிடம் அருமை, பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிடுகிறேன்"

நொடி அளவில் எல்லாம் மாறுகிறது, நிமிட அளவில் எதுவும் மாறவில்லை. ஒரே ஒரு மெதுவான கைப்பிடி வேண்டும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை திரும்புகிற ஏதோ ஒன்று, அது அடர்த்தியாக இருக்கலாம், ஆக்டேவாக இருக்கலாம். நான் கைவைப்பது எப்போதும் அடர்த்தியில்தான், அதுதான் காதுக்கு முதலில் தெரிகிறது.

முடியவே மாட்டேன் என்கிறது என்பதும் இதே குடும்பம். வால்யூமைக் குறைத்து முடிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. பாக்கில் முடிவு தயாராகவே இருக்கிறது: குறிப்பிட்ட நேரம் தாண்டியதும் சங்கிலியை அந்த ஜி பாஸ் உள்ள எட்டு பார்களுக்குள் அனுப்புங்கள், அங்கிருந்து 32-ஆவது பாரில் பாஸ் சி நோட்டுக்கு வந்து கடைசி வரை அதிலேயே நிற்கும். அந்தப் பகுதியில் கிளைகளை அடைத்துவிட்டு வரிசையாகவே போகவிடுங்கள். சாட்டிக்கு அந்த டி மைனர் முடிவை ஒரே ஒரு முறை, கடைசியில் மட்டும் திறந்துவிடுங்கள்.

"வலையேற்றியதும் உரிமைப் புகார் வந்துவிட்டது"

பாக் 1750-இல் இறந்தார், சாட்டி 1925-இல். எழுதியவர் இறந்து 70 ஆண்டு என்ற விதி உள்ள நாடுகளில் இவர்களின் இசை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் நீங்கள் சாம்பிள் எடுத்த பியானோ பதிவு வேறு ஒருவருடையது, அதற்குத் தனி உரிமை. இணையத்தில் இறக்கிய மிடி கோப்புக்கும் அதைச் செய்தவர் நிபந்தனை வைத்திருக்கலாம். நோட்டுகளைப் பழைய பதிப்பைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்து, ஒலியை நீங்களே உருவாக்கினால் புகாருக்கு எதிராகக் காட்ட உங்களிடம் எல்லாம் இருக்கும். அதற்காகவேனும் ஒவ்வோர் ஓட்டத்தையும் ஆடியோவாக மட்டும் பதியாமல், வெளிவரும் மிடியையும் சீடு எண்ணையும் சேர்த்தே சேமியுங்கள். அரை மணி நேர ஓட்டத்தில் ஒரே ஒரு நோட் கெட்டிருந்தால் அதை மட்டும் திருத்திக்கொள்ளவும் அது உதவும்.